கணக்கில் வராத கவளம்

மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் சாமான்கள் சில உண்டு. பேதி மாத்திரை அவற்றில் ஒன்று. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து வாங்குகிறவர், சீட்டைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டி, போன மாதம் எவ்வளவு இருந்தது, இந்த மாதம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்கிறார். "மோஷன் சரியாப் போகல, ஏதாவது குடுங்க" என்று கேட்க வந்தவரோ, பக்கத்தில் நிற்கிறவர் நகரும்வரை இருமல் மருந்துகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார். காந்திக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது மலச்சிக்கலால் பட்ட பாட்டையும், அதற்காகக் காலை உணவை நிறுத்திப் பார்த்ததையும், வயிற்றில் ஈரமண் பட்டி போட்டுக்கொண்டதையும் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அவருடைய வைத்தியத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வயிற்றைப் பற்றி வாய்விட்டுப் பேசிய அந்தத் துணிவை எடுத்துக்கொள்ளலாம்.

பேசாமல் இருப்பதால் வரும் முதல் கெடுதல், எது நோய், எது இயல்பு என்பதே நமக்குத் தெரியாமல் போவது. தினமும் காலையில் ஒருமுறை போயே தீர வேண்டும், ஒருநாள் தவறினால் உடம்பில் விஷம் ஏறிவிடும் என்று நம்புகிற வீடுகள் இங்கே ஏராளம். மருத்துவம் வகுத்திருக்கும் எல்லை அவ்வளவு குறுகலானது இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை என்பதும் இயல்புதான். வாரத்துக்கு மூன்று முறை என்பதும் இயல்புதான். எண்ணிக்கையைவிடத் தன்மைதான் முக்கியம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட அட்டவணை மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. ஆட்டுப் புழுக்கைபோல் தனித்தனியாக வருவது முதல் வகை, வெறும் நீராகப் போவது ஏழாவது வகை. மூன்றும் நான்கும் நல்லவை. முக்கி, வியர்த்து, அப்படியும் முழுதாகப் போகாத உணர்வோடு எழுந்து வருகிறவருக்குத் தினமும் போனாலும் மலச்சிக்கல்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை சிரமமில்லாமல் போகிறவருக்கு ஒரு குறையும் இல்லை.

விஷம் ஏறும் என்ற பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர், தேங்கிய மலம் உடம்பையே நஞ்சாக்குகிறது என்று நம்பி, மலச்சிக்கல் நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அந்தக் கொள்கை பிறகு மருத்துவத்தில் மதிப்பிழந்தது. ஆனால் "குடல் சுத்தம்" என்று விற்கப்படும் பொடிகளின் விளம்பரத்தில் அது இன்னும் சுகமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

நம் பழைய வீடுகளில் விடுமுறை நாளின் விடியற்காலையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து விளக்கெண்ணெய் புகட்டுவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, மதியம் ரசம் சாதத்தோடு அன்றைய நாள் முடியும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிட வேண்டும் என்பது சித்த மருத்துவ மரபு. தென்மாவட்டக்காரர்களுக்கு இதில் உலகப் புகழே உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் விளையும் நிலாவாரை இலையும் காயும் "தின்னவேலி சென்னா" என்ற பெயரில் ஐரோப்பிய மருந்து நூல்களில் இடம்பிடித்தவை. அல்வாவுக்குப் பெயர்போன சீமைதான் உலகத்தின் வயிற்றையும் இளக்கிக்கொண்டிருக்கிறது. நிலாவாரையின் சத்து, பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களால் மாற்றமடைந்த பிறகே வேலை செய்யத் தொடங்குகிறது; குடலைச் சுருங்கி விரியத் தூண்டுகிறது. அவசரத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் அது வயிற்றை அன்றைக்குக் காலி செய்யுமே தவிர, நாளைய மலத்துக்கு எதையும் சேர்த்துவைக்காது. வெளியே போக வேண்டியது ஒழுங்காகப் போவதற்கு, உள்ளே போவதில் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அந்த ஏதோ ஒன்றைத்தான் நூறு நூற்றைம்பது ஆண்டுகளாக நாம் அக்கறையோடு சலித்து, தீட்டி, தோலுரித்து வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கதையின் ஒரு பகுதி நீலகிரியில் நடந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ஒரு சிறு பிரிவு தொடங்கியது. நடத்தியவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர். தீட்டிய அரிசியை மட்டும் நம்பி வாழ்கிறவர்களுக்கு நரம்பு தளர்ந்து கால் விழுந்துபோகிறது, தவிடு அதைக் குணமாக்குகிறது என்பது அதற்கு முன்பே ஜாவாத் தீவில் கோழிகளை வைத்துக் கண்டறியப்பட்டிருந்தது. மெக்காரிசன் குன்னூரில் எலிகளைப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதையே அவற்றுக்கும் கொடுத்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பருப்பு, காய்கறி, பால் என்று சீக்கியரின் சாப்பாட்டைத் தின்றவை தளதளவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஏழையின் அரிசிச் சாப்பாட்டைத் தின்றவை தேறவில்லை. உணவு கெட்டால் முதலில் கெடுவது குடல்தான் என்பதில் அவருக்கு உறுதி இருந்தது. 1921இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவின் பொருளே குறைபட்ட உணவும் குடல் நோய்களும்தான். குன்னூர் ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

தவிட்டின் மகிமை இப்படித் தெரிந்த பிறகும் நடந்தது வேறு. தவிட்டில் இருந்த வைட்டமினுக்குப் பெயர் சூட்டினார்கள், அதை மாத்திரையாக்கினார்கள். மீதி இருந்த நாரைச் சக்கை என்று விட்டுவிட்டார்கள். மில் வேகமாக ஓடியது, அரிசி மல்லிகைப்பூவாக வந்தது. 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்ற தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா, கைக்குத்தல் அரிசிக்காக ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். கடைசிக் காலத்தைக் கல்லுப்பட்டியில் கழித்த அந்த மனிதரை மரியாதையோடு கேட்டுவிட்டு, வெள்ளை அரிசியைச் சாப்பிடப் போனோம். தவிடு மாட்டுக்குப் போனது. பிறகு எண்ணெயாகப் பிழியப்பட்டு, இதயத்துக்கு நல்லது என்ற முத்திரையோடு நம்மிடமே திரும்பி வந்தது. நார் மட்டும் வரவில்லை.

இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1941இல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கிளீவ் என்ற மருத்துவர் இருந்தார். பச்சைக் காய்கறி கிடைக்காத நீண்ட கடற்பயணத்தில் மாலுமிகளுக்கு வயிறு கட்டிக்கொண்டது. அவர் கோதுமைத் தவிட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றி, கரண்டி கரண்டியாகக் கொடுத்துச் சரிசெய்தார். அவருடைய கருத்தைப் பின்னாளில் உலகறியச் செய்தவர் டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர். குழந்தைகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு இவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. சிறுவயதில் ஒரு கண்ணை இழந்த அவர், இருந்த ஒற்றைக் கண்ணால் யாரும் பார்க்க விரும்பாத ஒன்றைக் கூர்ந்து பார்த்தார். எக்ஸ்ரேயில் தெரியும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மணிகளை மக்களை விழுங்கவைத்து, அவை எத்தனை மணி நேரத்தில் வெளியே வருகின்றன என்று அளந்தார்கள். மலத்தைப் பையில் வாங்கி எடைபோட்டார்கள். 1972இல் வெளியான முடிவு, உகாண்டா கிராமத்தாரின் வயிற்றில் உணவு ஒன்றரை நாளில் கடந்துபோகிறது, இங்கிலாந்துக் கடற்படைக் குடும்பத்தாருக்கு மூன்று நாளுக்கும் மேலாகிறது என்றது. எடையோ, உகாண்டாவில் அரைக்கிலோவை நெருங்கியது. இங்கிலாந்தில் நூறு கிராம் சொச்சம். நாரில்லாத உணவுதான் மேற்கத்திய நோய்கள் பலவற்றுக்கும் காரணம் என்று பர்கிட் இதிலிருந்து நெடுந்தூரம் போனார். அந்த ஓட்டத்தில் எல்லாமே நிரூபணமாகிவிடவில்லை. மலத்தைப் பற்றி அவர் சொன்னது நின்றது.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது, நாரை அறிவியல் எப்படி அளந்தது என்பதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மாட்டுத் தீவனத்தை ஆராய்வதற்காக ஒரு முறை வகுத்தார்கள். பொருளை முதலில் அமிலத்தில் கொதிக்கவை, பிறகு காரத்தில் கொதிக்கவை, இரண்டுக்கும் கரையாமல் எஞ்சுவதை நார் என்று எழுது. மனிதர் உணவுக்கும் நெடுங்காலம் இந்த அளவையே பயன்படுத்தினார்கள். நாரில் பெரும்பங்கு அந்தக் கொதியிலேயே கரைந்து கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். தீட்டிய அரிசியில் நூறு கிராமுக்கு 0.2 கிராம் நார் என்று நம் பழைய ஊட்டச்சத்து நூல்கள் சொன்னது இதனால்தான். அதே ஹைதராபாத் நிறுவனம் 2017இல் புதிய முறைகளால் அளந்து வெளியிட்ட அட்டவணையில் அது 2.8 கிராம். அரிசி மாறவில்லை. உடம்பு எதை எடுத்துக்கொள்கிறதோ அதுதான் உணவு, மற்றது குப்பை என்ற எண்ணம் மாறியது. குப்பையை அளக்க யாரும் நல்ல தராசு வாங்குவதில்லை.

அந்தக் குப்பைக்கு வயிற்றில் என்ன வேலை? சிறுகுடலிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குக் கூழ்போன்ற நீர் பெருங்குடலுக்குள் இறங்குகிறது. பெருங்குடல் சிக்கனக்காரி, அதில் பெரும்பகுதியை உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். உணவு எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு நேரம் அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கடைசியில் மிஞ்சுவது கல். நாரில் ஒருவகை, கோதுமைத் தவிடும் கீரைத்தண்டும் போன்றது. கரையாமல், பருமனாக, குடல் சுவரைத் தொட்டு நகரச் சொல்லும். இன்னொரு வகை நீரைப் பிடித்துக் கொழகொழவென்று ஆகும். வடகுஜராத் வயல்களிலிருந்து உலகத்துக்கே போகும் இசப்கோல் உமி இந்த வேலையை மிகச் சிறப்பாகச் செய்வது. வெந்தயத்தை ஊறவைத்தால் சுற்றிலும் படரும் கொழகொழப்பான பசையும் இந்த இனம்தான்.

ஆனால் நீரும் பருமனும் மட்டும் இல்லை. நம்மால் செரிக்க முடியாத நாரைச் செரிப்பவர்கள் பெருங்குடலில் குடியிருக்கிறார்கள். கோடானுகோடி பாக்டீரியாக்கள். நாரில் ஒரு பங்கை அவை நொதிக்கவைத்துத் தின்று பெருகுகின்றன. மலத்தில் முக்கால் பங்கு நீர் என்றால், நீர் போக எஞ்சும் திடப்பொருளில் ஏறத்தாழப் பாதி இந்த பாக்டீரியாக்களின் உடல்களே. நாம் கழிவென்று நினைப்பது பெரிதும் ஒரு மக்கள்தொகை. அவை சும்மா தின்றுவிட்டுப் போவதும் இல்லை. தின்றதற்குக் கைம்மாறாகச் சில கொழுப்பு அமிலங்களை விட்டுச்செல்கின்றன. அவற்றில் ஒன்றான பியூட்ரேட்தான் பெருங்குடல் சுவரிலுள்ள செல்களுக்கு முதன்மையான எரிபொருள். வீட்டுக்காரருக்கு முன்னால் விருந்தாளிக்கு இலை போடுவது நம் வழக்கம். குடலுக்குள்ளும் அதே முறை. விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் அந்த வீட்டின் சுவருக்குச் சோறு. நாம் விருந்தாளியின் பங்கைச் சமையலறையிலேயே எடுத்துக் கொட்டிவிட்டு, வீடு ஏன் நலிகிறது என்று மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. எல்லாமாக 300 கிராம் அரிசி என்றால் நார் எட்டு ஒன்பது கிராம். தோல் நீக்கிய உளுந்து, சாம்பாரில் கரைந்த துவரம்பருப்பு, ஓரமாக இரண்டு கரண்டிப் பொரியல் எல்லாம் சேர்ந்து இன்னும் ஐந்தாறு. பதினைந்தில் நின்றுவிடுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவுத் தோசைக்குப் பதில் மைதா பரோட்டா என்றால் நிலைமை தேறாது. மைதாவும் வெள்ளை அரிசியும் நாரில் ஒரே வறுமை. கேழ்வரகிலும் கம்பிலும் நூறு கிராமுக்குப் பதினொரு கிராமுக்கு மேல். கைக்குத்தல் அரிசியில் நாலரை கிராமை ஒட்டி. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அரிசியை மட்டும் சிவப்பாக மாற்றிவிட்டு, காயையும் பயறையும் தொடாதவர் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது. சாமை, தினை என்று பெருமையாக வாங்கி வருகிறோமே, அவையும் இப்போது அரிசியைப்போலவே வெள்ளைவெளேரென்று தீட்டித்தான் பாக்கெட்டில் வருகின்றன. பெயரில் சிறுதானியம், உடம்பில் அதே வழவழப்பு.

குறைகிற பத்துக் கிராமை ஈடுகட்ட இறக்குமதி ஓட்ஸ் தேவையில்லை. ஒரு கை நிறைய கொண்டைக்கடலை, அதாவது உலர்ந்த எடையில் முப்பது கிராம், சுண்டலானால் ஏழு கிராம் நார் தருகிறது. ஒரு கொய்யாப்பழம் ஐந்துக்கு மேல். நவராத்திரிக்கு ஒன்பது நாள் மட்டும் தெய்வத்துக்குப் படைக்கும் சுண்டலைத் தினசரி சாயங்காலத்துக்கு இழுத்து வந்தாலே பாதிச் சிக்கல் தீரும். வாழைப்பழத்துக்கு இந்த விஷயத்தில் இருக்கும் புகழ் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். நன்றாகப் பழுத்த பூவனோ மலைப்பழமோ உதவும்தான். ஆனால் ஒரு பழத்தில் மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று கிராம்தான் நார். பழுக்காத காயில் செரிக்காத மாவுச்சத்து மிகுதி, சிலருக்கு அது வயிற்றைக் கட்டவும் செய்யும். அதே மரத்தின் தண்டையும் பூவையும் ஆய்வதற்குப் பொறுமை இல்லாமல் பழத்திடம் எல்லாப் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டோம். வாழைத்தண்டை வட்டமாக அரிந்து, விரலில் நாரைச் சுற்றி எடுத்து, மோரில் போட்டு, பாசிப்பருப்போடு வேகவைக்க அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி நேரத்துக்கு இன்று யாரும் மதிப்புப் போடுவதில்லை.

இன்று படித்துவிட்டு நாளைக்கே முப்பது கிராமுக்குப் பாய்கிறவருக்கு ஒரு எச்சரிக்கை. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் புது உணவுக்குப் பழக நாளாகும். ஒரேயடியாகக் கூட்டினால் வாயு பிடித்து, வயிறு உப்பி, இரண்டாம் நாளே பழைய வழிக்குத் திரும்பிவிடுவார். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான் முறை. கூடவே தண்ணீர். இசப்கோலை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்குவது ஆபத்து. தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். நார் எல்லாருக்கும் மருந்தும் இல்லை. குடலே மந்தமாக நகர்கிறவர்களுக்கும், முக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொள்கிறவர்களுக்கும் நார் கூடக்கூடத் தொல்லையும் கூடும். இரும்புச்சத்து மாத்திரை, சில கால்சியம் மாத்திரைகள், சில வலி மருந்துகள், தைராய்டு குறைவு, சர்க்கரை நோய் இவையெல்லாம் வயிற்றைக் கட்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, சோகை, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறிய பழக்கம் என்றால் கீரையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மருத்துவரைத்தான் தேட வேண்டும்.

சாப்பாட்டைச் சரிசெய்த பிறகும் சிலருக்குச் சரியாவதில்லை. ஏனென்றால் நாம் தீட்டி எறிந்தது அரிசியின் தோலை மட்டும் இல்லை. காலையில் கண்விழித்ததும், பிறகு வயிற்றுக்குள் ஏதாவது போனதும், பெருங்குடல் தானாக ஒரு பெரிய அசைவு அசைகிறது. காப்பி குடித்ததும் எழுந்து ஓடுகிறவர்கள் இதை அறிவார்கள். அந்த அழைப்புக்குக் காது கொடுக்காவிட்டால் அது சண்டை போடாது, அடங்கிவிடும். மலம் மேலே பின்வாங்கும், பெருங்குடல் மறுபடியும் நீரை உறிஞ்சத் தொடங்கும், அடுத்தமுறை அது இன்னும் கெட்டியாக வரும். அடக்கக் கூடாத உடல் வேகங்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் வகுத்ததில் மலமும் ஒன்று. உட்காரும் விதத்துக்கும் பங்கு உண்டு. குந்தி உட்காரும்போது மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. மேல்நாட்டுக் கழிவறையில் உட்கார்கிறவர் காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகையைப் போட்டுக்கொண்டால் ஓரளவு அதே பலன் கிடைக்கும்.

துணிக்கடையில் காலை முதல் இரவுவரை நிற்கும் பெண்ணுக்கு இந்த அறிவுரையெல்லாம் எந்த அளவுக்குப் பொருந்தும்? கழிவறை மூன்றாம் மாடியில் ஒன்றே ஒன்று. போய்வரும் நேரத்தைச் சூப்பர்வைசர் கவனிப்பார். அதனால் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. தாழ்ப்பாள் இல்லாத பள்ளிக்கூடக் கழிவறைக்குப் பயந்து அடக்கிக்கொள்ளும் பிள்ளைக்குச் சில மாதத்தில் மலம் இறுகி, வலி வந்து, வலிக்குப் பயந்து இன்னும் அடக்கி, கடைசியில் தன்னையறியாமல் உள்ளாடையில் கசியத் தொடங்கும். வீட்டில் அதற்கும் அடி விழும். வீட்டில் கழிவறை இல்லாத ஊர்களில் பெண்கள் இருட்டும்வரை காத்திருந்தார்கள். இன்னும் காத்திருக்கும் இடங்களும் உண்டு. தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் திருத்தப்பட்டதே 2021இல்தான். ஒரு நாற்காலிக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரே கணக்குப்பிள்ளை எல்லா இடத்திலும் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. மில்லில் உட்கார்ந்து அவர், தவிடு விலைபோகாது, நீக்கு என்கிறார். ஆய்வகத்தில், உடம்பில் ஒட்டாதது உணவில்லை என்கிறார். சமையலறையில், தண்டை ஆய நேரமில்லை என்கிறார். கடையில், கழிவறைக்கு விடும் இடத்தில் இன்னொரு அலமாரி வைத்தால் இத்தனை சேலை அடுக்கலாம் என்கிறார். காலை ஆறரை மணிக்கு நம் தலைக்குள்ளேயே உட்கார்ந்து, சும்மா உட்காரும் பத்து நிமிடம் வீண் என்கிறார். வரவு இல்லாத எதுவும் அவருக்குச் செலவு. உடம்பு அவருடைய பேரேட்டைப் படிப்பதே இல்லை. நம்மோடு ஒட்டாமல் கடந்துபோகும் கவளமும், எதற்கும் பயன்படாமல் கடந்துபோகும் நேரமும் இருந்தால்தான் ஒட்டுகிற கவளமும் பயன்படுகிற நேரமும் உருப்படியாக இருக்கும் என்பது அதற்குத் தெரியும். லாபத்தை மட்டும் உள்ளே அனுப்பினால் அது கல்லாக்கித் திருப்பிக் கொடுக்கிறது.

மருத்துவராக இருக்கும் நண்பர் ஒருவர் தம் கிளினிக்கில் நடந்ததைச் சொன்னார். எழுபதைத் தாண்டிய அம்மாளை மருமகள் அழைத்து வந்திருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறைதான் போகிறதாம், அதுவும் மாத்திரை போட்டால்தான்.

"என்னம்மா சாப்பிடுறீங்க?"

"பல்லு இல்லய்யா. ரசஞ்சோறு, தயிர்ச்சோறு. ராத்திரிக்கு ரெண்டு இட்லி."

"காலையில எந்நேரம் வயித்தக் கலக்கும்?"

"ஆறு, ஆறரைக்குக் காப்பி குடிச்சதும் வரும். அப்பப் போக முடியாதுல்ல? ஒரே பாத்ரூமு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும், இவ வேலைக்குப் போகணும். எல்லாரும் கெளம்புன பெறகு போனா வராது."

நண்பர் மருமகளைப் பார்த்தார். "ஆறரைக்கு உள்ள யாரும்மா இருப்பா?"

"என் மகன்தான் டாக்டர். போனோட போனான்னா அரைமணி நேரம்."

"சின்னப்பய, விடுங்கய்யா," என்றாராம் அந்த அம்மாள்.

நண்பர் மாத்திரையைக் கொஞ்ச நாளைக்குத் தொடரச் சொல்லிவிட்டு, மசித்த கீரை, குழைய வேகவைத்த பயறு, பப்பாளி என்று சீட்டில் எழுதினார். அதற்குக் கீழே ஆறரை முதல் ஆறே முக்கால்வரை பாட்டிக்கு என்று எழுதி, இரண்டு கோடு போட்டு, அதைப் பேரனிடம் காட்டச் சொல்லி அனுப்பினாராம்.